அப்பாவின் ராலி சைக்கிள்

கொல்லைப்புற அறையில் இருபத்தெட்டு வருடமாகச் சுவரில் சாய்ந்து நின்ற அப்பாவின் ராலி சைக்கிளைப் போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு வெளியே எடுத்தேன். ஒட்டடை, பல்லி முட்டை, இற்றுப்போன டயர். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை எதுக்கு இப்ப முற்றத்துக்குக் கொண்டு வர்றீங்க?" என்றாள். டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் அறுந்த ஒயரையும் பழுதான பெட்டியையும் பார்த்தே பென்ஷன் வாங்கியவன் நான். ஒரு பொருள் ஓடாமல் கிடந்தால் கை சும்மா இருக்காது.

அந்த சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது 1961-இல். உறையூரில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. பொன்மலையில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது சாமான்களை எல்லாம் விற்றார். அப்பா நூற்று ஐம்பது ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்தார். அப்போது அது பெரிய பணம். கியர் வைத்த சைக்கிள் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். வலது பக்கம் ஹேண்டில்பாரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லீவர். 'டக்' என்று ஒரு தடவை தள்ளினால் ஒரு கியர். அதைப் பார்ப்பதற்கென்றே பையன்கள் வருவார்கள்.

இன்று குழந்தைகள் ஓட்டும் கியர் சைக்கிள் மாதிரி பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரம் இருக்காது. ஒரே செயின், ஒரே பல்சக்கரம். கியர் முழுவதும் பின்சக்கர ஹப்புக்குள் அடக்கம். ஸ்டர்மி ஆர்ச்சர் என்று ஹப்பின் மேலேயே பெயர் பொறித்திருக்கும். கூடவே ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும், தயாரித்த வருடமும் மாதமும் இருக்கும். துருவைத் தேய்த்துப் பார்த்தேன். எங்களுடையதில் 53, 4. அதாவது 1953 ஏப்ரல். என்னைவிட இரண்டு வயது மூத்தது.

ஸ்டர்மி என்பவரும் ஆர்ச்சர் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது என்றுதான் பெயரைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் இந்த மூன்று கியர் அமைப்பை வடிவமைத்தவர் வில்லியம் ரெய்லி என்ற பொறியாளர். முன்பு வேறொரு கம்பெனியோடு செய்திருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றதால், காப்புரிமையை நண்பர் ஆர்ச்சர் பெயரில் எடுத்தார்கள். நாட்டிங்ஹாமில் ராலி கம்பெனியை நடத்திய ஃபிராங்க் பௌடன் அதை வாங்கி 1903-இல் தொழிலாக ஆரம்பித்தார். ரெய்லியின் பெயர் ஹப்பில் ஏறவேயில்லை. செய்தது ஒருவர், பெயர் வேறொருவருக்கு. இதைப் படித்தபோது ஒரு சுவாரசியமான செய்தி என்று மட்டும் நினைத்தேன். பின்னால்தான் அது வேறு விதமாக உறைத்தது.

அந்த சைக்கிள் அப்பாவைக் கீழே தள்ளிய கதையையும் சொல்ல வேண்டும்.

1966 ஆயுத பூஜை. எனக்குப் பதினொன்று, தம்பிக்கு எட்டு. ஆயுத பூஜைக்கு சைக்கிளைத் துடைப்பது என் வேலை. மண்ணெண்ணெய், உப்புத்தாள், பழைய வேட்டித் துணி. போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாகத் துடைப்பேன். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. எண்ணிக்கொண்டே துடைத்தது இன்றும் நினைவிருக்கிறது. சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை சாப்பிட்டு முடித்தோம். இரண்டு நாள் கழித்துக் காலையில் கடைக்குப் புறப்பட்ட அப்பாவைப் பத்து மணிக்கு ஒரு கைரிக்‌ஷாவில் திருப்பி அழைத்து வந்தார்கள். கோட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தில் முதல் கியரில் ஏறி, மேலே போனதும் இரண்டாவதுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்று மிதித்திருக்கிறார். பெடல் பிடிமானமே இல்லாமல் சுற்றிவிட்டது. ஆள் அப்படியே வலது பக்கம் சாய்ந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

மூங்கில் பத்தை வைத்து, முட்டைப் பத்துப் போட்டுக் கட்டினார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு வலது கை இல்லையென்றால் என்ன ஆகும்? கடையில் வேறு ஒருவரை வைத்துக்கொண்டார்கள். அப்பாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அந்த மாதச் சம்பளமும் இல்லை, தீபாவளி இனாமும் இல்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் மட்டும்தான்.

அடிபட்ட அன்று சாயங்காலமே பழி தம்பி மேல் விழுந்தது. அவன் ஓயாமல் அந்த லீவரை 'டக் டக்' என்று ஆட்டிக்கொண்டிருப்பான். எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறான். அப்பா இடது கையால் ரூல்தடியை எடுத்தார். எங்களை அவர் அடித்ததே அபூர்வம். தம்பி, "நான் தொடலப்பா, நான் தொடலப்பா" என்று கத்திக்கொண்டே வாங்கினான். நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தாநாள் சைக்கிளின் மேல் அதிக நேரம் கை வைத்தவன் நான்தான் என்பது மனதில் ஓடியது. ஆனால் துடைத்தது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் ஹப்பிலிருந்து கியர் செயினைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார். "இது நமக்கு எதுக்குங்க, வம்பு" என்றார். அப்பா அதை ஓர் ஓவல்டின் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தார். அத்தோடு கியர் கதை முடிந்தது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன்.

நம்ம ஊர் சைக்கிள்கள் எல்லாம் அந்தக் கால இங்கிலாந்து சைக்கிளின் அச்சில் வார்த்தவைதான். அதனால் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் சாலை ரோட்டிலேயே கிடைத்தன. 28-க்கு ஒன்றரை டயர் இன்றும் வருகிறது. அந்த வேலை பத்து நாளில் முடிந்தது. கியர்தான் ஆட்டம் காட்டியது.

முதல் கோளாறு, பெடலை எந்தப் பக்கம் சுற்றினாலும் சக்கரம் நகரவில்லை. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஹப்புக்குள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கின்றன. பழைய எண்ணெய் பிசினாகி அவை ஒட்டிக்கொண்டால் எழும்பாது. எண்ணெய்த் துளையின் மூடியைத் திறந்தால் விளக்கெண்ணெய் வாசம். அம்மாவின் கைவேலையாக இருக்கும். தாழ்ப்பாளுக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான். மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது? கொஞ்சம் டீசல் வாங்கி வந்து துளை வழியாக ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் கறுப்புக் கஷாயம் மாதிரி வடிந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தபின் மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு ஸ்பூன் விட்டேன். இந்த ஹப்புக்கு கிரீஸ் அடைக்கக்கூடாது, கெட்டி எண்ணெய் ஆகாது. சக்கரத்தைச் சுற்றினேன். 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வந்தது. ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே சத்தம்.

அந்தச் சத்தத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் மிதிக்கும்போது இந்த ஹப் டிக் டிக் என்னும். முதல் கியரில் மிதித்தால் சத்தமே வராது. எந்தக் கியரில் இருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடலாம்.

பிறகு கேபிள். ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-இல் தைவான் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆனால் மூன்று கியர் ஹப்பும் அதற்கான கேபிளும் இன்னமும் தயாராகின்றன. நண்பர் ஒருவரின் மகன் வெளியூரிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வந்தான். பரணில் அந்த ஓவல்டின் டப்பா அப்படியே இருந்தது. செயினை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார் அப்பா. ஒரு பொட்டுத் துரு இல்லை.

இந்த கியரைச் சரிபார்க்கும் முறை எளிது. லீவரை இரண்டாவது கியரில் வைக்க வேண்டும். வலது பக்க அச்சு நட்டில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளேயிருந்து வரும் கம்பியின் தோள்பட்டை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே இருந்தால் கேபிள் தளர்ச்சி, வெளியே வந்திருந்தால் கேபிள் இறுக்கம். செயின் முனையில் இருக்கும் திருகைச் சுற்றிச் சமப்படுத்தி, பூட்டு நட்டை இறுக்கினால் முடிந்தது.

இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தால் போதும், லீவர் இரண்டில் நிற்கும், ஹப் அந்த வெற்றிடத்தில் நிற்கும். அப்போது நின்றுகொண்டு மிதித்தால் ஆள் விழ வேண்டியதுதான். அப்பா விழுந்தது அப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நானும் சமப்படுத்தினேன். ஸ்டாண்டில் போட்டு மிதித்தேன், மூன்று கியரும் விழுந்தன. தெருவில் ஒரு சுற்றுப் போனேன். ஐந்தாறு தடவை கியர் மாற்றியதும் இரண்டாவதில் நழுவியது. திரும்பி வந்து பார்த்தால் கம்பி உள்ளே போயிருந்தது. மறுபடி சமப்படுத்தினேன். மறுபடி நழுவியது. மூன்று நாள் இதே கதை. புதுக் கேபிள் நீள்கிறது என்று நினைத்தேன். பிறகு, உள்ளே கிளட்ச் முனை தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, ஹப்பைப் பிரிப்பதற்காகச் சக்கரத்தையே கழற்றப் போனேன்.

அதற்கு முன் சாலை ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டு போனேன். எழுபத்தைந்து வயது இருக்கும். "கிளட்ச் தேஞ்சிருந்தா நீங்க சரி பண்ண உடனேயும் நழுவணும் சார். சரி பண்ணா நல்லா இருக்கு, பத்து நிமிஷம் போனா கெடுதுன்னா, வெளிய எதுவோ நகருது. உள்ள கை வெக்காதீங்க" என்றார். பிறகு என்னை லீவரை ஆட்டச் சொல்லிவிட்டு, கேபிள் போகும் வழியெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பாரில் வந்ததும் நின்றார்.

"இங்க பாருங்க சார்."

கேபிளின் வெளி உறை வந்து முடியும் இடத்தில், பாரைச் சுற்றி ஒரு கிளிப் இருக்கிறது. உறை அதில் முட்டி நின்றால்தான் உள்கம்பிக்கு இழுக்கப் பிடிமானம். முதல் கியருக்கு இழுக்கும்போது அந்த கிளிப் மயிரிழை அளவு சீட் பக்கமாக நகர்ந்தது. திரும்பி வரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மயிரிழை. அது நகர நகரக் கேபிள் தளரும்.

"திருகு நல்லாத்தான பாய் இறுகியிருக்கு?" என்றேன். நானே ஸ்பேனர் வைத்துப் பார்த்திருந்தேன்.

"திருகு இறுகியிருக்கு. கிளிப் புடிக்கல. ரெண்டு உதடும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு பாருங்க. இது தடிச்ச பாருக்கு வர்ற கிளிப். உள்ளே ரப்பர் வெச்சுப் போட்டிருப்பாங்க. யாரோ கழட்டித் துடைச்சுட்டு, ரப்பரை வெக்காம மாட்டியிருக்காங்க."

நான் பதில் பேசவில்லை. பாய் கிளிப்பைக் கழற்றினார். அது நின்ற இடத்திலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட, முன்பக்கமாக, வெயில் படாத பளபளப்போடு ஒரு கறுப்பு வளையம். ரப்பர் இருந்த தடம். அங்கிருந்து பின்பக்கமாக மெல்லிய கீறல்கள். கிளிப் நகர்ந்த வழி.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் திரும்ப வந்தது. 1966, ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், முற்றம். கிளிப்பில் துரு பிடித்திருந்தது. கழற்றினால்தான் உப்புத்தாள் போட முடியும் என்று கழற்றினேன். உள்ளேயிருந்து டியூபில் வெட்டிய ஒரு துண்டு, காய்ந்து கருவாடு மாதிரி விழுந்தது. அழுக்கு என்று குப்பையோடு கூட்டித் தள்ளினேன். கிளிப்பைத் துடைத்து மாட்டி, திருகு நிற்கும்வரை முறுக்கினேன். நன்றாக இறுக்கினோம் என்று திருப்தி வேறு.

லீவரை எத்தனை ஆட்டினாலும் ஒன்றும் ஆகாது. அது ஆட்டுவதற்காகவே வைத்தது.

பாய் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பாரில் சுற்றி, கறுப்பு வளையம் இருந்த அதே இடத்தில் கிளிப்பை மாட்டி இறுக்கினார். இரண்டு நிமிட வேலை. இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். கேபிளை மறுபடி சமப்படுத்தியபின் இன்றுவரை நழுவவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். அப்பாவின் சைக்கிளில் முன்பல் 46, பின்பல் 18. இரண்டாவது கியரில் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் கூடவே போகும், சாதாரண சைக்கிள் மாதிரி. முதல் கியரில் அதில் முக்கால் பங்கு, அதாவது நாலேகால் மீட்டர், ஏற்றத்துக்கு லேசு. மூன்றாவதில் அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், ஏழரை மீட்டர்; சமதளத்தில் காற்று முதுகில் தள்ளினால்தான் சுகம். இந்த ஹப்பில் கியர் செயினைக் கழற்றிவிட்டால் அது எந்தக் கியரில் நிற்கும் தெரியுமா? மூன்றாவதில். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அங்கேதான் தள்ளும்.

1966-லிருந்து 1984-இல் வேலையை விட்டு நிற்கும்வரை, பதினெட்டு வருடம், அப்பா மூன்றாவது கியரிலேயே மிதித்திருக்கிறார். சைக்கிள் கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்காது, அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. சைக்கிள் கனத்துப் போச்சு என்று மட்டும் சொல்வார். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் நண்பர்களோடு பாலத்தின் மேல் நின்றிருந்தேன். கூடையும் கேனும் கட்டிய சைக்கிளெல்லாம் ஏறிப் போக, அப்பா வேர்த்து விறுவிறுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ரயிலைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. 1996-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் சொல்வதற்கு இனி வழியில்லை.

தம்பியிடம் சொல்லலாம். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் கோயம்புத்தூருக்குப் போன் செய்து, கிளிப், ரப்பர், ஆயுத பூஜை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நான் அன்னைக்கு லீவரைத் தொடவே இல்லண்ணே" என்றான்.

"தெரியுது டா."

"இல்லண்ணே, கேளு. தொடலைன்னு அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, அப்பா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்துப் பாத்து, ஒருவேளை தொட்டிருப்பேனோன்னு ஆயிடுச்சு. பின்னால நான்தான்னே முடிவு பண்ணிட்டேன். என் பசங்ககிட்டகூட அப்படித்தான் சொல்லியிருக்கேன், நான் சின்ன வயசுல விளையாட்டா பண்ணதுல தாத்தா கை உடைஞ்சதுன்னு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிச்சுக்கடா என்றேன். அறுபத்தாறு வயதுக்காரனிடம் அந்த வார்த்தை சொல்வது எளிதாக இல்லை. "நீ வேணும்னா பண்ண? விடுண்ணே" என்றான். பிறகு, "பசங்ககிட்ட மாத்திச் சொல்லணும்" என்றான். அது மட்டும் விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

சித்திரையில் வந்திருந்தான். காலை ஐந்தரை மணிக்கு, வெயில் ஏறுமுன் இருவரும் சைக்கிளைத் தெருவுக்கு எடுத்தோம். அவன் ஏறி உட்கார்ந்து, லீவரின் மேல் கட்டைவிரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஆட்டலாமா?"

"ஆட்டுடா" என்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று தெரு முனை வரை ஆட்டிக்கொண்டே போனான். ஒரு தடவைகூட நழுவவில்லை. திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, குனிந்து கிளிப்பைத் தொட்டுப் பார்த்ததுதான். இருந்த இடத்திலேயே இருந்தது.